ஓட்டத்துக்குக் கட்டிய காப்பு

மாடத்தி ஓடப் போகாமல் படுத்தே கிடந்த முதல் விடியற்காலையில், அவளுடைய ஓட்டம் மட்டும் வழக்கம்போல எழுந்து, வாசல் கேட்டைத் திறந்துகொண்டு, பூலாங்கட்டளைத் தெருக்களில் தன்னந்தனியாக ஓடப் போயிற்று. படுக்கையில் கிடந்தபடியே அவள் அதைக் கேட்டாள். முதலில் கேட்டின் கொண்டி விழுந்தது, பிறகு பக்கத்து வீட்டு ஞானம்மாளின் நாய் அரைத் தூக்கத்தில் குரைத்தது, பிறகு தார் ரோட்டில் ஒரே சீராகக் காலடிகள் விழத் தொடங்கின. அவை தன்னுடைய காலடிகள்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் அழுந்தி விழுகிற பழக்கம் அந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது? போர்வைக்குள் கையை விட்டுத் தன் கால்களைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் இருந்தன. போனால் போகிறது என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

இதற்காக அவளை யாரும் குறை சொல்ல வேண்டாம். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் ஓட ஆரம்பித்த பிள்ளை, அதன்பிறகு ஒரு நாள் விடியலைக்கூட ஓடாமல் விட்டதில்லை. கல்யாணத்தன்று மருதாணிக் காலோடு ஓடியவள் அவள். அப்பா செத்த அன்று, பாடையைத் தூக்குவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் குளத்தங்கரையில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து அழுதவள். மாவட்டத்தில் ஜெயித்தாள், மாநிலத்தில் ஜெயித்தாள், பிறகு ஊர் ஊராகப் போய் நீண்ட தூரப் பந்தயங்களில் ஓடினாள், அந்தப் பேரில் பேரூராட்சி அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. புருஷன் சிவனணைஞ்சான் எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். தினமும் விடியலில் தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டாப்வாட்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டிவிஎஸ்ஸில் அவள் பின்னாலேயே போவான். இரண்டு பேரும் பேசிக்கொண்டது முக்கால்வாசி அந்த ரோட்டில்தான்.

பிறகு ஒரு நாள், காரணமே இல்லாமல், ஷூவுக்குக் கயிறு கட்டும்போது அவளுக்கு அழுகை வந்தது. காலில் வலியில்லை, நோயில்லை, சோறு மட்டும் ருசியற்றுப் போயிற்று, தூக்கம் விட்டுப் போயிற்று, தன் ஷூவைப் பார்த்தாலே கடன்காரனைப் பார்த்த மாதிரி ஒதுங்கிப் போனாள். எனக்கு முடியலைங்க என்று புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "ஓடுதல்லா, பொறவென்ன?" என்றான். கெட்டவன் இல்லை அவன். நன்றாக ஓடுகிறவளுக்கு முடியாமல் போகும் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். ஞானம்மாளும் அதையேதான் சொன்னாள், டீக்கடை ஐசக்கும் அதையேதான் சொன்னார். கடைசியில் ஒரு பந்தயத்தின் நடுவழியில் மாடத்தி நின்று, ரோட்டோரத்துப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, தன்னைத் தாண்டிப் போகிறவர்களையெல்லாம் வேடிக்கை பார்த்தாள். வெட்கமாகவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. திருநெல்வேலி டாக்டர் எல்லாம் பரிசோதித்துவிட்டு, காலுக்கு ஒன்றுமில்லை, ஆள்தான் தேய்ந்து போயிருக்கிறாள், மூன்று மாதம் ஓடவே கூடாது, பிறகு தை மாதத்துச் சென்னைப் பந்தயத்துக்குத் தயாராகலாம் என்றார். வைகாசி முடிகிற நேரம் அது. மலைப்பக்கம் சாரல் இறங்கத் தொடங்கியிருந்தது.

ஓட்டம் தனியாகப் போவதை முதலில் பார்த்தவர் ஐசக். பார்த்தவர் என்று சொல்வது சரியில்லை, பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ரோட்டுப் புழுதி அடியடியாகக் கிளம்பியது, மாடத்தியோடு கூட ஓடுகிற தெருநாய்கள் அன்றும் வாலை நிமிர்த்திக்கொண்டு யாரோடோ கூட ஓடின. அவர் வழக்கம்போலக் கையிலிருந்த டீக் குவளையை உயர்த்தி வணக்கம் சொன்னார், சொன்ன பிறகுதான் ஆள் இல்லை என்பதைக் கவனித்தார், கவனித்த பிறகு, பாலைப் பொங்கவிட முடியாது என்பதால் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மறுநாள் கடையில் பேச்சு வந்தது. அவள் வீட்டில் தூங்குகிறாள், ஓட்டம் மட்டும் வருகிறது என்றார்கள். ஆள் டூட்டிக்கு வராவிட்டாலும் வேலை நடக்கிற ஆபீஸ் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது இதுதான் என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், அதோடு அந்த ஊரின் ஆச்சரியம் தீர்ந்து போயிற்று.

ஆச்சரியம் தீர்ந்த இடத்தில் பழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. தெருப் பெண்கள் அது கடப்பதற்கு முன்னால் கோலத்தை முடிக்கப் பழகினார்கள், பிறகு கோலத்தின் நடுவில் அது கால் வைத்துப் போக இரண்டடி அகலத்துக்கு வெறும் தரையை விட்டுப் போடப் பழகினார்கள். டவுன் பஸ்ஸின் முதல் டிரிப்பு குளத்தங்கரைத் திருப்பத்தில் அதற்கு ஒதுங்கி நின்றது. ஹாரன் அடித்த புது டிரைவரைக் கண்டக்டரே திட்டினார். நடக்கத் தாமதமான பிள்ளைகளைத் தூக்கிவந்து, அது ஓடிக் கடந்த சூட்டோடு ரோட்டில் இறக்கிவிட்டார்கள். சில பிள்ளைகள் நடந்தன, நடக்காத பிள்ளைகளின் தாய்மார்கள் தாங்கள் பிந்தி வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆனி பிறந்ததும், தீச்சட்டி எடுத்து வருகிறவர்களின் காலில் ஊற்றுவதுபோலவே, ஞானம்மாள்தான் முதலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை வேப்பிலையோடு கொண்டுவந்து காலடிச் சத்தம் வந்த இடத்தில் ஊற்றினாள். மறுவாரம் தெரு முழுக்கக் குடங்களோடு நின்றது. மாடத்தி ஓடிய காலத்தில் அவள் காலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியவர் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

மாடத்தி தூங்கினாள். அப்படி ஒரு தூக்கத்தை அவள் பிறந்ததிலிருந்து தூங்கியதில்லை. எழுந்து, தோசையைச் சூடாக உட்கார்ந்து தின்றாள். கருத்துப்போன கால் நகங்கள் விழுந்து, அடியில் சின்னப் பிள்ளையின் நகம்போலப் புதிதாக முளைத்தன. குதிகால் வெடிப்புகள் மூடின. கண்ணாடியில் கன்னம் தெரிந்தது. ஓய்வு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர, அந்த ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டம் தினமும் சுற்று முடிந்து அவள் வீட்டு வாசலுக்குத்தான் திரும்பி வந்தது. படிக்கு அருகே நின்றது. ஓடி முடித்ததும் அவள் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பாளே, அதேபோல நின்று, மூச்சு வாங்கியது. கதவுக்கு இந்தப் பக்கம் பாயில் கிடந்தபடி அவள் அந்த மூச்சைக் கேட்டாள். அது கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பூவரச மரத்தடியில் ஒதுங்கி மறுநாள் விடியும்வரை நின்றுகொண்டே இருந்தது. எழுந்து கதவைத் திறக்கலாமா என்று அவளுக்குப் பல நாள் தோன்றியது. திறந்தால் அது உள்ளே வந்து காலுக்குள் ஏறிக்கொள்ளும், நாளைக்கே ஓடச் சொல்லும் என்று பயந்தாள். இருக்கட்டும், என் ஓட்டம் எங்கே போய்விடும், மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தான் இளைப்பாறுகிற அத்தனை நாளும் அது நின்றபடியே இருக்கிறது என்பதை அவள் நினைக்கவில்லை. பின்னாளில் அவள் நினைத்து நினைத்து மருகியதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

சிவனணைஞ்சானுக்குக் கொஞ்ச நாள் கைகால் ஓடவில்லை. பெண்டாட்டி தூங்குவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பான்? ஒரு நாள், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று டிவிஎஸ்ஸை எடுத்தான். மறுநாள் ஸ்டாப்வாட்ச்சையும் மாட்டிக்கொண்டான். திரும்பி வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ஏட்டி, ரயில்வே பாலத்து ஏத்தத்துல என்னமா ஏறிச்சுங்கே? நீ ஏறுறதக் காட்டியும் ஜோரா ஏறிச்சு" என்றான். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தோசை இறங்கவில்லை.

ஆடி பிறந்தபோது ஊரில் ஒரு கவலை எழுந்தது. ஓட்டம் தூரம் போகத் தொடங்கியிருந்தது. போதும் என்று சொல்ல ஆளில்லாத ஓட்டம் எங்கேதான் நிற்கும்? ரயில்வே கேட்டைத் தாண்டியது, ஊர் எல்லைக் கல்லையும் கடந்து போனது, பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ரோட்டில் காலடி கேட்டதாகச் சொல்லி, அவர்களும் கோலத்தில் இடைவெளி விடத் தொடங்கினார்கள். இதைப் பூலாங்கட்டளைக்காரர்களால் பொறுக்க முடியவில்லை. ஆடிக் கடைசிச் செவ்வாயில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வரப்போகிறது. கொடைக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் அது முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, தன் வீட்டு வாசல்படியையும் மிதிக்கக்கூடாது, கோயிலோடு கிடக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஆகவே ஓட்டத்துக்கும் காப்புக் கட்டிவிடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று.

மணிக்கட்டு இல்லாத ஒன்றுக்கு எங்கே கட்டுவது? அவளுடைய ஷூவில் கட்டலாம் என்றார் ஐசக்; வேதக்காரராக இருந்தாலும் ஊர்க்கொடைக்கு டீ அவர் உபயம்தான், ஆகவே அவருக்குப் பேச உரிமை இருந்தது. காலில் போடுகிறதில் காப்பா என்று கீழத்தெரு கொதித்தது. செருப்பைக் காணிக்கையாக வாங்கிக்கொள்கிற சாமி மலைமேல் இருக்கிறதே, அது சாமி இல்லையா என்று மேலத்தெரு கேட்டது. சாயங்காலம்வரை பேசி, ஷூவை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கோயிலுக்குள் கொண்டுவராமல், எல்லைக் கல்லருகே நடுகிற பந்தக்காலில் தொங்கவிட்டுக் கட்டலாம் என்று பூசாரி கோமதிநாயகம் தீர்ப்புச் சொன்னார்.

எல்லோருமாக அவள் வாசலுக்கு வந்தார்கள். அந்த வாசலுக்கு ஊரே வந்தது அதுதான் முதல் தடவை. அவள் ஒரு வார்த்தை முடியாது என்று சொல்லியிருந்தால் போயிருப்பார்கள். கொடை முடியும்வரைதானே, அதற்குள் நமக்கும் இன்னும் கொஞ்ச நாள் தூக்கம் கிடைக்கும் என்று அவள் நினைத்தாள். உண்மையைச் சொன்னால், புருஷன் மெச்சிய அந்த ஓட்டத்தின்மேல் அவளுக்குக் கொஞ்சம் பொறாமைக் காய்ச்சலும் இருந்தது. கட்டிப் போடட்டுமே என்று இருந்தது. பரணிலிருந்து ஷூவை எடுத்துத் தூசி தட்டித் தன் கையாலேயே பூசாரியிடம் கொடுத்தாள்.

காப்புக் கட்டிய மறுநாள் விடியலில் காலடிகள் அவள் வீட்டை நெருங்கின, நிற்காமல் கடந்து போயின. அவள் பாயில் எழுந்து உட்கார்ந்தாள். பூவரச மரத்தடியில் மூச்சு இல்லை. காப்புக் கட்டியவர் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கொடை முடிந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். கொடை முடியவில்லை. கோயிலில் முதல் மரியாதையை ஓட்டத்துக்குத்தான் கொடுக்க வேண்டும், பரிவட்டத்தை அந்த ஷூவுக்குத்தான் கட்ட வேண்டும் என்றது மேலத்தெரு. பரம்பரையாகப் பரிவட்டம் வாங்குகிற தலைகள் இங்கே இருக்கும்போது ஷூவுக்கா என்றது கீழத்தெரு. மேளம் நின்றது, பந்தல் சாய்ந்தது, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது, சமாதானம் ஆகும்வரை கொடை இல்லை என்று கோயில் நடையைச் சாத்திவிட்டார்கள். நடை சாத்தினால் காப்பு அவிழ்க்க முடியாது. ஓட்டம் பந்தக்காலுக்கும் ஊருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தது, இப்போது விடியலில் மட்டுமல்ல, பகலிலும் அந்தியிலும், போக வீடில்லாததால்.

புரட்டாசியில் டாக்டர் மாடத்தியைப் பார்த்துவிட்டு, நன்றாகத் தேறிவிட்டாய், இனி ஓடலாம் என்றார். அவளுக்கும் ஆசை வந்திருந்தது. அது பழைய கட்டாயமில்லை, பசி மாதிரி ஒரு நல்ல ஆசை. இதற்காகத்தானே இத்தனை நாள் படுத்திருந்தேன் என்று சந்தோஷமாக எழுந்து, புது ஷூவைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கால்கள் எழுந்தன, விழுந்தன, கைகள் வீசின, மூச்சு வந்து போனது, ஆனால் அதற்குப் பேர் ஓட்டம் இல்லை. காலியான மாவு மில்லில் பெல்ட் மட்டும் சுற்றுகிற மாதிரி இருந்தது. தெருமுனைகூட எட்டவில்லை, திரும்பி வந்துவிட்டாள். குளத்தங்கரையில் நின்று, தன் ஓட்டம் வரும்போது கூடச் சேர்ந்து அடிவைத்துப் பார்த்தாள். அது அவளை அடையாளம் கண்டுகொள்ளாததுபோலக் கடந்தது. அருகில் கேட்டபோதுதான் தெரிந்தது, இடது கால் அழுந்தி விழவில்லை, இழுத்துக்கொண்டு விழுகிறது.

அவள் பூசாரி வீட்டுக்குப் போனாள். கோமதிநாயகம் நல்ல மனுஷர், உட்காரச் சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். காப்பை அவிழ்க்க வேண்டுமென்றால் கொடை முடிய வேண்டும், கொடை முடிய வேண்டுமென்றால் இரண்டு தெருவும் ஒன்று சேர வேண்டும், நான் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தார்.

"அது நொண்டுது அண்ணாச்சி. உங்க காதுல விழலியா?"

"விழாம என்னம்மா? தெனமும் கேக்கத்தான செய்யுதேன். ஆனா ஓடுதுல்லா, பொறவென்ன?"

மோர்த் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள். வீட்டில் சிவனணைஞ்சான் ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சுற்றுக்கு ஆகிற நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது என்றான். முதல் முறையாக அவனுக்குப் புரிந்திருந்தது, ஆனால் புரிய வேண்டிய காலம் தாண்டிப் போயிருந்தது.

ஐப்பசி மழையிலும் அது ஓடியது. குடம் தூக்கி நின்ற பெண்கள் குடை பிடித்து நின்றார்கள். கார்த்திகையில் ஒரு விடியலில், தூறலில், மாடத்தி செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தே எல்லைக் கல்லுக்குப் போனாள். பந்தக்காலில் அவளுடைய பழைய ஷூ பாசி பிடித்துத் தொங்கியது. மஞ்சள் கயிறு நனைந்து இறுகியிருந்தது, நகத்துக்கு அசையவில்லை. கொடை முடியாத காப்பை அவிழ்த்தவர் கை விளங்காது என்பார்கள். அவள் பல்லால் கடித்து முடிச்சை நெகிழ்த்தி அவிழ்த்தாள். ஷூவை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள்.

ரொம்ப நேரம் கழித்துக் காலடி வந்தது. கல்லுக்கு எதிரே நின்றது. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்கிற அந்த மூச்சு.

"ஓடினது போதும். வீட்டுக்குப் போவோம், வா" என்றாள்.

ஊர் அன்றைக்குப் பார்த்ததைப் பிறகு பலவிதமாகச் சொன்னது. உள்ளபடி நடந்தது இவ்வளவுதான். மாடத்தி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவந்தாள், பக்கத்தில் இழுத்து இழுத்து ஒரு காலடி நடந்துவந்தது. அது நடந்து யாரும் கேட்டதில்லை. குடத்தோடு நின்றவர்கள் ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். ஞானம்மாள் மட்டும் குடத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிரே வந்த சிவனணைஞ்சான் வண்டியை அணைத்து இறங்கி, தள்ளிக்கொண்டே பின்னால் நடந்தான். வாசல்படியில் காலடி தயங்கியது. அவள் கதவை முழுக்கத் திறந்துவைத்து, உள்ளே போய், தன் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்தாள். காலடிகள் உள்ளே வந்தன. பாய் ஒரு ஆளுக்கு அழுந்தியது. பிறகு சத்தமே இல்லை.

இரண்டு தெருவும் ஒன்று சேர்ந்தன, அவளைத் திட்டுவதற்காக. திட்டி முடித்த ஒற்றுமையோடு பங்குனியில் கொடையையும் நடத்தி முடித்தார்கள். பரிவட்டம் கட்ட ஷூ வரவில்லை. அவள் கை விளங்காமல் போகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கொஞ்ச நாள் அவளோடு யாரும் பேசவில்லை, பிறகு பேசினார்கள். முதல் பஸ் குளத்தங்கரையில் இப்போதும் ஒரு நிமிஷம் நிற்கிறது, எதற்கென்று கேட்டால் டிரைவருக்குச் சொல்லத் தெரியாது. கோலங்களின் நடுவிலும் அந்த இரண்டடி இடம் வெறுமையாகவே கிடக்கிறது.

தை வந்து போயிற்று. சென்னைப் பந்தயத்தை அவர்கள் டிவியில்கூடப் பார்க்கவில்லை. பாய் அழுந்தியபடியே இருந்தது. காதை அருகே கொண்டுபோனால் மெல்லிய மூச்சு கேட்டது, சில நாள் அதுவும் கேட்காததுபோல இருந்தது. அந்த நாட்களில் மாடத்தி வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"முழிக்குமாட்டி?" என்று ஒரு நாள் சிவனணைஞ்சான் கேட்டான். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியலைங்க" என்றாள். "மொதநாளே கதவத் தெறந்து, நீயும் வந்து படுன்னு சொல்லியிருந்தா, இந்நேரம் ரெண்டுபேரும் சேந்து எந்திரிச்சிருப்போம்."

அவன் ஓட்டத்துக்கு எழுவதற்காக வைத்திருந்த அலாரக் கடிகாரத்தை எடுத்து, அதன் பேட்டரியைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்தான்.

ஆனாலும் அத்தனை வருஷத்துப் பழக்கம் எங்கே போகும்? அலாரம் இல்லாமலே, அந்த நேரத்துக்கு மாடத்திக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வைகாசி முடிகிற ஒரு விடியலில் அப்படி விழித்து எழுந்து உட்கார்ந்தபோது, பக்கத்துப் பாய் சரசரத்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பாயின் கோரைகள் ஒரு பக்கம் நிமிர்ந்தன, மறுபக்கம் அழுந்தின, அவ்வளவுதான், புரண்டு படுத்திருக்கிறது. எழுப்பிவிடலாமா என்று அவள் கை நீண்டது. ஒரு தடவை வா என்று கூப்பிட்டால் போதும் என்று தோன்றியது. கையை மடக்கிக்கொண்டாள். தன் போர்வையில் பாதியை இழுத்து அந்தப் பக்கம் போர்த்திவிட்டு, சத்தமில்லாமல் தானும் அருகில் படுத்துக்கொண்டாள்.